குழி தோண்டாத முயல்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் நீரேற்று நிலையத்தில் எல்லோரும் நிபுணர் என்றுதான் கூப்பிடுவார்கள். மேலாளர் ஒரு நாள் எரிச்சலில் வைத்த பெயர். புல்வெட்டும் வண்டி ஏன் பாதியில் நிற்கிறது என்று அவர் கேட்டதற்கு, முயலின் முன்பல் ஏன் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது என்று இவர் விளக்க ஆரம்பித்திருக்கிறார். "போங்க நிபுணரே, போய் வேலையைப் பாருங்க" என்றாராம் மேலாளர். சுற்றி நின்ற எல்லோருக்கும் அது கிண்டல் என்று புரிந்தது. இவருக்கு மட்டும் பட்டம் வாங்கின மாதிரி இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்லி, அவள் விழுந்து விழுந்து சிரித்ததையும் பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

நான் அதே நிலையத்தில் வாசல் காவலாளி. குடியிருப்பதும் அவர் வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். ஆகவே வேலை நேரத்திலும் அவரிடமிருந்து தப்ப வழியில்லை, வேலை முடிந்த பிறகும் இல்லை. இதை நான் புலம்பலாகச் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

முயல் அவர் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு ஜோடியாக. கொடுத்தவர் இரண்டும் ஆண் என்று அடித்துச் சொன்னார். ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, அந்த இரண்டு ஆண்களில் ஒன்று தன் வயிற்று முடியைத் தானே பிடுங்கி, பெட்டிக்குள் மெத்தை போட்டு, அதில் குட்டிகளை ஈன்றது. மச்சான் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். இன்னும் எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம். கொல்லைப்புறம் முழுக்கக் கூண்டு. துணி காயப்போட இடமில்லாமல் அக்கா என் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்துக் கொடி கட்டிக்கொண்டாள். குட்டிகளை மச்சான் விற்கவும் மாட்டார், அறுக்கவும் விடமாட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு கூடையைத் திணித்துவிடுவார். முதலில் உறவுக்காரர்கள் வருவது குறைந்தது, பிறகு தண்ணீர் அளவு பார்க்க வருகிறவரும் தெருவில் நின்றே குரல் கொடுக்க ஆரம்பித்தார்.

அவருடைய பாடம் எனக்கு மனப்பாடம். முயல் குட்டி பிறக்கும்போது விரல் தண்டி இருக்கும். உடம்பில் ஒரு முடி இருக்காது. கண் ஒட்டியிருக்கும், காது கேட்காது. பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறக்கும். மூன்றாவது வாரம் பெட்டியை விட்டு வெளியே வந்து புல்லைக் கடிக்கும். கண்ணையும் முடியையும் பார்த்தால் போதும், வயதை நாள் பிசகாமல் சொல்லிவிடுவார். நிலையத்துக்கு லாரி ஓட்டி வருகிறவர்கள்கூட இதை ஒப்பிப்பார்கள், ஏனென்றால் நான் வாசலைத் திறக்கும்வரை அவர்கள் வேறு எங்கும் ஓட முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எதுவும் தனியாகக் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. தரையில் ஒரு திருகாணி கிடந்தால் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஒற்றைச் செருப்பைப் பார்த்தால் அதன் ஜோடியைத் தேடித் தெருக்கோடிவரை போவார். பேருந்தில் யார் வீட்டுக் குழந்தை அழுதாலும் இவர் மடியில்தான் வந்து விழும். அக்கா இதைக் குணம் என்பாள். நான் வியாதி என்பேன்.

எங்கள் நிலையத்தின் பின்பக்கம் தரைக்கு அடியில் பெரிய தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றன. மேலே மண் மூடி, புல் வளர்த்திருக்கிறார்கள். தொட்டிக்குள் காற்றுப் போவதற்காக அங்கங்கே இரும்புக் குழாய்கள் முழங்கால் உயரம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புல்லை வெட்டுவதுதான் மச்சானின் வேலை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் அங்கே ஒன்றிரண்டு முயல்கள் தென்படும். உடம்பு மெலிவு, காது நீளம், பின்னங்கால் அதைவிட நீளம். அவற்றைப் பற்றியும் நிபுணர் தீர்ப்புச் சொல்லியிருந்தார்: "எல்லாம் நம்ம வீட்டுப் பசங்கதான் மாப்ள. கூண்டை விட்டு ஓடினதுங்க. வெயில்ல அலைஞ்சு கறுத்துப் போச்சு, ஓடி ஓடிக் கால் நீண்டுபோச்சு." அவர் கூண்டிலிருந்து அவ்வப்போது ஏதாவது ஓடிப்போவது உண்மை. அதனால் நானும் தலையாட்டி வைத்தேன்.

அன்றைக்கு மேலாளர் காலையிலேயே வந்து, மறுநாள் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள், சாயங்காலத்துக்குள் புல் முழுக்க வெட்டியாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மச்சானும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. வண்டி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பார்த்தால், மனிதர் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கையில் ஏந்திக்கொண்டு பனியனோடு ஓடி வருகிறார்.

என் மேஜைமேல் சட்டையை விரித்தார். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு குட்டி. மண் நிறத்தில் அடர்ந்த முடி, காது நுனியில் கறுப்பு, கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. இமைக்காமல், அசையாமல் என்னையே பார்த்தது.

"பாத்தியா மாப்ள, பாவம், தன்னந்தனியா கிடந்துச்சு. வண்டி கிட்ட வந்துகூட ஓடல. அந்த அளவுக்குப் பசி."

"குழி இருந்துச்சா?"

"சுத்திச் சுத்தித் தேடிட்டேன். குழியே இல்ல. குழி இல்லேன்னா கூடப்பொறந்ததும் இல்ல, பெத்ததும் இல்ல. எங்கேருந்தோ வழி தவறி வந்திருக்கு."

"வயசு என்ன இருக்கும்?" என்று கேட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பழக்கம்.

"மூணு வாரம்" என்றார் உடனே. "கண்ணு தொறந்தாச்சு, முடி மூடியாச்சு. இனிமே பால் வேண்டாம். புல்லும் இலையும் போட்டா கடிச்சுக்கும்."

அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, குட்டியை உள்ளே வைத்து என் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். பிறகு நிம்மதியாகத் திரும்பிப் போய் மிச்சப் புல்லை எல்லாம் வெட்டினார். வண்டிச் சத்தம் மதியம்வரை கேட்டுக்கொண்டிருந்தது. இந்தக் கடைசி வரியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. ஏன் என்பதற்கு வருகிறேன்.

வேலை முடிந்ததும் இருவரும் வீட்டுக்கு வந்தோம். பால் கொடுக்கும் தாய் முயல் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் குட்டிகளுக்கும் சரியாக மூன்று வாரம். "ஒரே வயசுப் பசங்க, ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஆயிடும்" என்று இதையும் அந்தக் கூண்டுக்குள் விட்டார். வீட்டுக் குட்டிகள் வழக்கம்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலையில் குவியலாகப் படுத்துக்கொண்டன. புதுக்குட்டி எதிர் மூலைக்குப் போய், காதை முதுகோடு மடித்து, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. தாய் முயல் பின்னங்காலால் பலகையை ஓங்கி உதைத்தது. கோஸ் இலை போட்டார். குட்டி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒளிந்துகொள்ள வட்ட ஓட்டை வைத்த பெட்டியை வைத்தார். வீட்டுக் குட்டிகள் அடித்துப் பிடித்து உள்ளே நுழைந்தன. இது வெட்டவெளியிலேயே கிடந்தது.

"கூச்சம்" என்றார் நிபுணர்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. "மச்சான், காலைப் பாருங்க. உடம்பைவிடக் காலுதான் பெருசா இருக்கு. இது வேற எதுவோ மாதிரி இல்ல?"

"நீ கேட்டைப் பாத்துக்க மாப்ள. முயலை நான் பாத்துக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. நான் எழுந்து போயிருப்பேன், ஆனால் அதற்குள் அக்கா வேலை முடிந்து வந்துவிட்டாள். அவள் பிரசவ வார்டில் நர்ஸ். வந்தவள் செருப்பைக் கழற்றுமுன்பே புதுக்குட்டி விவரம் முழுவதும் அவள் காதில் கொட்டப்பட்டது. அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, குட்டியை எடுத்து, பிறந்த பிள்ளையைத் திருப்புகிற மாதிரி ஒரே கையில் மல்லாக்கத் திருப்பினாள். வயிற்று முடியை விரலால் விலக்கினாள்.

"ஏங்க, இதுக்கு என்ன வயசுன்னு சொன்னீங்க?"

"மூணு வாரம்."

"தொப்புள்கொடி இன்னும் விழலியே."

மச்சான் குனிந்தார். நானும் குனிந்தேன். முடிக்கு நடுவில் காய்ந்த நூல்போலக் கறுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது பொறந்து நாலஞ்சு நாள் இருந்தா அதிகம்" என்றாள் அக்கா. "பச்சப்புள்ளைக்குக் கோஸ் இலையா குடுக்கறீங்க?"

"அது எப்படிம்மா? முடியோட எப்படிப் பொறக்கும்? கண்ணைத் தொறந்துக்கிட்டா பொறக்கும்?"

"உங்க முயல் பொறக்காது. இது பொறந்திருக்கு. டாக்டரம்மாவுக்குப் போனைப் போடுங்க."

மச்சான் தன் தப்பை ஒப்புக்கொள்வது முயல்கொம்பு. அன்றைக்கு நேரே போய்ப் போனை எடுத்தார். கால்நடை டாக்டரம்மா பொறுமைசாலி. அவர் வீட்டிலும் மச்சான் கொடுத்த கூடை ஒன்று உண்டு. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனைக் கூண்டுமேல் வைத்தோம்.

"அது காட்டு முயல் நிபுணரே" என்றார் டாக்டரம்மா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "உங்க வீட்டு முயல் வேற, அது வேற. உருவம்தான் ஒண்ணு மாதிரி. ரெண்டும் சேந்து குட்டிகூடப் போடாது. உங்க முயல் குழி தோண்டி, மெத்தை போட்டு, அதுக்குள்ள பெக்கறதால குட்டி அரைகுறையா வந்தாலும் பரவாயில்ல. இது குழியே தோண்டாது. வெட்டவெளியிலதான் பெக்கும். அதனால குட்டி முடியும் கண்ணுமா தயாரா வந்துடும். ஆபத்துன்னா உங்களுது குழிக்குள்ள ஓடும். அது அசையாம படுத்துக்கும்."

"தாய் விட்டுட்டுப் போயிடுச்சேம்மா?"

"போகல. பகல்ல கிட்ட வந்தா நாய்க்கும் நரிக்கும் வழி காட்டின மாதிரி ஆயிடும்னு தள்ளியே இருக்கும். இருட்டப் போற நேரத்துல ஒரே ஒரு தடவை வந்து பால் குடுத்துட்டுப் போயிடும். எடுத்த இடத்துலயே கொண்டுபோய் வச்சிடுங்க. இப்பவே போங்க. மத்த குட்டிங்களைத் தொட்டுடாதீங்க."

"மத்ததா? ஒண்ணுதாம்மா கிடந்துச்சு."

"ஒரே இடத்துல இருக்காது. ஒண்ணு மாட்டினாலும் இன்னொண்ணு பொழைக்கணும்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கமா படுத்திருக்கும். பால் குடிக்க மட்டும்தான் ஒண்ணு சேரும். புல்லு உசரமா இருக்கற இடமாப் பாருங்க."

மச்சான் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "புல்லை எல்லாம் வெட்டிட்டேம்மா" என்றார்.

வண்டிக்கு முன்னால் அசையாமல் படுத்துக்கொள்கிற குட்டிகள். மதியம்வரை வண்டி ஓட்டிய மனிதர். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அக்கா உடுப்பை மாற்றாமலே எங்களோடு நிலையத்துக்குக் கிளம்பினாள். வழியில் நான் சும்மா இருக்காமல், "மனுஷக் கை பட்டா தாய் சேத்துக்காதுன்னு சொல்வாங்களே" என்றேன்.

"எங்க வார்டுல ஒரு குழந்தை மேல எத்தனை கை படுது? எந்த அம்மாவாவது வேண்டாம்னு சொல்லியிருக்காளா? வாயை மூடிட்டு வா" என்றாள்.

வெட்டிய புல்வெளி மொட்டையடித்த தலை மாதிரி வழவழவென்று கிடந்தது. மேலாளர் பார்த்தால் சந்தோஷப்படுவார். குட்டியை எடுத்த இடம் எது என்று மச்சான் குழாய்களை வைத்து அடையாளம் சொன்னார். குட்டியை அங்கே இறக்கி, சுற்றிலும் வெட்டின புல்லைக் கொஞ்சம் தூவினோம். அது உடனே தரையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு அவர் முட்டிபோட்டுத் தேட ஆரம்பித்தார். என்ன தேடுகிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. உயிரோடு ஒரு குட்டி, அல்லது முடி, அல்லது ரத்தம். புல் குவியல்களைக் கையால் புரட்டினார். வண்டியின் கத்தி எட்டாமல் குழாய்களின் அடியில் மிஞ்சியிருந்த புல் கற்றைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, "இங்க இல்ல" என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே போனார். மூலைக் குழாயை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். நல்லதாகவும் எதுவும் அகப்படவில்லை, கெட்டதாகவும் அகப்படவில்லை.

வெளிச்சம் இறங்கியதும் மூவரும் மோட்டார் அறைக்குள் போய் ஜன்னல் பக்கம் நின்றோம். மோட்டார் ஓடுகிற அதிர்வில் கண்ணாடி நடுங்கிக்கொண்டிருந்தது. மச்சானால் நிற்க முடியவில்லை.

"பனி விழுதும்மா. என் சட்டையை மட்டும் மேல போட்டுட்டு வந்துடறேன்."

"அசையாதீங்க." அக்கா அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அங்க நின்னா அது வராது."

"தனியா கிடக்கே."

"அது தனியாத்தான் கிடக்கணும்."

வேலிப் பக்கத்திலிருந்து அது வந்தது. எங்கள் கொல்லைப்புறத்து முயல்களின் தத்தல் நடை இல்லை, நீளக் கால் போட்டுப் பாய்ந்து வந்தது. பாதி வழியில் நின்று, காதைத் தூக்கி, சம்பந்தமே இல்லாமல் பக்கவாட்டில் ஒரு தாவு தாவி, மறுபடி வந்தது. குட்டி அதற்காகக் காத்துக்கொண்டு கிடக்கவில்லை. பகலெல்லாம் தரையோடு ஒட்டிக்கிடந்த அந்தக் குட்டி ஓடிப்போய்த் தாயின் வயிற்றுக்கு அடியில் புகுந்தது. மச்சான் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"அங்க" என்றாள் அக்கா மெதுவாக.

மூலைக் குழாயின் அடியில் ஒரு மண்ணாங்கட்டி நகர்ந்தது. நகர்ந்து, காது முளைத்து, தாயைப் பார்த்து ஓடியது.

"அங்க நான் பாத்தேனே" என்றார் மச்சான்.

"ரெண்டு தடவை பாத்தீங்க" என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதார். அக்கா காலரை விடாமல் இன்னொரு கையால் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கும் கண் கலங்கியது. மோட்டார் அறையில் எண்ணெய்ப் புகை அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு டீ குடிக்கிற நேரம்தான். குட்டிகள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டன. தாய் மட்டும் உடனே போகவில்லை. காதை நிமிர்த்தி, வெட்டிய பக்கத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. எங்கேயோ நாய் குரைத்ததற்காக இருக்கலாம். பிறகு போய்விட்டது.

"இன்னொண்ணு இருந்திருக்குமோ?" என்று கேட்டார் மச்சான்.

எங்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் டாக்டரம்மாவிடம் கேட்டார். ஒன்றும் போடும், நாலும் போடும் என்றார் அவர். அதற்குமேல் மச்சான் யாரிடமும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சில சமயம் கை அப்படியே நின்றுவிடும் என்று அக்கா சொன்னாள்.

அதிலிருந்து, வண்டியை எடுக்கும் முன்பு அவர் புல்வெளி முழுவதும் முட்டிபோட்டுப் போக ஆரம்பித்தார். கண்ணால் பார்ப்பதில்லை. கண்மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. உள்ளங்கையை விரித்துப் புல்லுக்குள் விட்டு, தரையைத் தடவிக்கொண்டே போவார். மேலாளர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, எதையாவது தொலைத்துவிட்டாரா என்று என்னைக் கேட்டார். ஆமாம் சார் என்றேன். என்ன என்று அவர் கேட்கவில்லை. அரை நாள் வேலை ஒன்றரை நாள் ஆனது. மேலாளர் சத்தம் போட்டார். மச்சான் வாங்கிக்கொண்டார். முயல் பல்லைப் பற்றி விளக்கம்கூடச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒரு நாள் வாசலை இன்னொருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எதிர்ப் பக்கத்திலிருந்து நானும் முட்டிபோட்டு வர ஆரம்பித்தேன். முட்டி வலி, முதுகு வலி, புல் பட்டு அரிப்பு. அவரைத் திட்டிக்கொண்டேதான் தடவினேன்.

மழை விட்டுப் புல் செழித்திருந்த ஒரு காலையில், என் கைக்கு அடியில் சூடாக ஒன்று இருந்தது. கண்ணுக்கு வெறும் புல்தான் தெரிந்தது. கைக்குத்தான் அது மூச்சு விடுவது தெரிந்தது. நான் கையை மெதுவாக எடுத்துக்கொண்டேன். தள்ளிப் போய் ஒரு குச்சியை ஒடித்து வந்து, ஓர் ஆள் நீளம் தள்ளி நட்டு, அதில் என் தொப்பியை மாட்டினேன்.

மச்சான் பார்த்துவிட்டார். போய் வண்டியைக் கிளப்பினார். ஒவ்வொரு சுற்றும் குச்சியை நெருங்கி வரும்போது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இறங்கிவிடுவார், ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் இவரால் முடியாது என்றுதான் நினைத்தேன். ஒரு சுற்றில் வண்டி நின்றேவிட்டது. அவர் ஒரு காலைக் கீழே வைத்தார். புல்லைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு காலை மேலே எடுத்துக்கொண்டு, வண்டியைத் திருப்பி, பெரிய வட்டமாக விலகிப் போனார்.